குட்டியைத் தூக்குவதற்கு முன்

நான் முன்பு வேலை பார்த்த வனஜீவராசிகள் அலுவலகத்தில் இப்போது வேலை செய்யும் இளம் பிள்ளைகள் என்னிடம் ஐந்து வரி கேட்டார்கள். காட்டு விலங்கின் குட்டி தனியாகக் கிடப்பதைக் கண்டால் சனங்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு துண்டுப்பிரசுரம் அடிக்கப் போகிறார்களாம். எழுதிக் கொடுத்தேன். தொடாதீர்கள். தூரத்தில் நின்று பாருங்கள். நாயைக் கட்டுங்கள், ஆட்களை விலக்குங்கள். பால், தண்ணீர், சோறு எதையும் கொடுக்காதீர்கள். வனஜீவராசிகள் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

அதில் ஒரு சொல்லும் பிழையில்லை. ஆனால் இந்த ஐந்து வரியையும் வாசித்துவிட்டு, ஒரு குட்டி கண்முன்னே கத்தும்போது கையைக் கட்டிக்கொண்டு நின்ற மனிதரை நான் இன்னும் காணவில்லை. குட்டி கத்தினால் வாசித்தது மறந்துபோகும். யாருக்கோ நடந்தது என்றால் மறக்காது. அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் நிந்தவூர்க்காரன். ஜௌபர் என்பது பெயர். எங்கள் குடும்பத்தில் வயல் செய்தவர்களும் கடை வைத்தவர்களும் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்களும் உண்டு. காட்டு வேலைக்குப் போனது நான் ஒருவன்தான். லகுகலைப் பக்கம் கொஞ்சக் காலம், இங்கினியாகலைப் பக்கம் கொஞ்சக் காலம் என்று பயிற்சி முடிந்தது. யானைக்குப் பட்டாசு கொளுத்தவும், கிணற்றில் விழுந்த பன்றியை ஏற்றவும், வாய்க்காலில் கிடக்கும் முதலைக்குக் கயிறு போடவும் பழகினேன். குட்டிகளைப் பற்றி மட்டும் யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. சனங்கள் கொண்டு வருவார்கள், நாங்கள் வாங்கி வைப்போம், அதுதான் அன்றைய வழக்கம். வாங்கி வைத்தவற்றில் பிழைத்தவை மிகக் குறைவு.

அந்த வழக்கத்தை மாற்றியவர் டொக்டர் நிலந்தி. எங்கள் பகுதிக்கு மிருக வைத்தியராக வந்தவர், எனக்கு மேலதிகாரி, என்னைவிட வயதில் நன்றாக இளையவர். சிங்களவர். தமிழை வேலை செய்த இடங்களிலேயே பிடித்துக்கொண்டவர் என்பதால் ஆண், பெண், மாடு, மனிதர் எல்லாம் அவர் பேச்சில் ஒரே திணைதான். "அவர் வருது", "டொக்டர் சொல்லுது" என்பார். யாரும் சிரித்தால் தானும் சேர்ந்து சிரித்துவிட்டு அப்படியே தொடர்ந்து பேசுவார்.

குட்டி ஒன்று வந்திருக்கிறது என்று சொன்னால் அவர் முதலில் குட்டியைப் பார்க்க மாட்டார். கொண்டு வந்த ஆளைப் பார்ப்பார். "எங்க இருந்தது? யார் தொட்டது? நீங்க போகும்போது சத்தம் போட்டதா, சும்மா படுத்ததா?" என்று மெல்லக் கேட்பார். ஏசவே மாட்டார். ஏசினால் அடுத்த முறை அந்த ஆள் உண்மை சொல்ல மாட்டான் என்பது அவருடைய கணக்கு. குட்டியைக் காத்திருந்து பார்க்க வேண்டி வந்தால் கைமணிக்கூட்டைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவார். "மணி பாத்தா அம்மா சுணங்குது மாதிரி இரிக்கும், மிஸ்டர் ஜௌபர். அம்மா சுணங்க இல்ல. எங்களுக்குத்தான் அவசரம்" என்பார்.

இறக்காமத்துக்கு அப்பால் மாட்டுப்பட்டி வைத்திருந்த ஒருவர் ஒருநாள் மான்குட்டியொன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பற்றைக்குள் தனியாகக் கிடந்ததாம், ஆள் கிட்டப் போயும் எழும்பவில்லையாம். தாய் செத்துப்போயிருக்கும், குட்டிக்கும் ஏலாமல் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். டொக்டர் குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார், தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார், வயிற்றைத் தடவினார்.

"வயிறு நிறைய பால். காலையில அம்மா குடுத்தது" என்றார்.

"அப்ப தாய் ஏன் உட்டுட்டுப் போன?" என்று கேட்டார் பட்டிக்காரர்.

"விட்டுப் போக இல்ல. ஒளிச்சு வெச்சது. அம்மாக்கு வாசம் இரிக்கி, நரி வரும். குட்டிக்கு வாசம் குறைவு. அம்மா தூரத்தில நிக்கிறதுதான் பாதுகாப்பு."

பட்டிக்காரருக்கு முகம் வாடிவிட்டது. மனிதக் கை பட்ட குட்டியைத் தாய் சேர்க்காதே, இனி என்ன செய்வது என்றார். நானும் அதையேதான் நம்பியிருந்தேன். டொக்டர் தலையை ஆட்டினார். கை பட்டது என்பதற்காக மட்டும் எந்தத் தாயும் குட்டியைத் தள்ளாது, ஆட்கள் சுற்றி நின்றால்தான் வராது, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு விலகிப் போவோம் என்றார். அன்று பின்னேரமே கொண்டுபோய் அதே பற்றையில் வைத்தோம். வெகுதூரத்தில் பாலை மரத்தடியில் இருந்தோம். வெயில் சாயும்போது பெண்மான் வந்தது, குட்டியை நக்கியது, குட்டி எழும்பிப் பால் குடித்தது. பட்டிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

குட்டிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அன்று தெரிந்ததுதான். மற்றப் பாதி கலீல் என்ற விவசாயியின் வயலில் தெரிந்தது.

சாய்ந்தமருதுக்கு மேற்கே கிடக்கும் வட்டையில், அந்தப் பெரிய வயல்வெளியில், பெரும்போக நெல் வெட்டு நடந்துகொண்டிருந்தது. இப்போது அரிவாளும் கையுமாக யாரும் இறங்குவதில்லை. வெட்டு மெசின் வயலின் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே வரும். வயலுக்குள் பதுங்கியிருக்கிற முயல், கீரி, காடை எல்லாம் மெசினுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடுவில் எஞ்சியிருக்கும் துண்டு வேளாண்மைக்குள், வெட்டாமல் நிற்கிற நெல்லுக்குள், சேர்ந்துவிடும். ஓடக்கூடியவை கடைசியில் ஓடிவிடும். ஓடத் தெரியாதவை குட்டிகள்.

கலீலின் வயலிலும் அப்படித்தான். நடுத்துண்டுக்கு மெசின் திரும்பும்போது முன்னால் ஏதோ அசைவதைக் கண்ட சாரதி நிறுத்தி இறங்கிப் பார்த்தான். சாம்பல் நிறத்தில் கறுப்புப் புள்ளி போட்ட மூன்று குட்டிகள். "புலிக்குட்டி" என்று சத்தம் போட்டான். அந்தச் சத்தம் போதும். ஆட்கள் கூடி, படம் எடுத்து, அது முகநூலில் ஏறி, எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர முதலே பாதிச் சாய்ந்தமருதும் வயலுக்கு வந்துவிட்டது. முந்தி எங்களுக்குச் செய்தி சுணங்கித்தான் வரும், ஆனால் சனமும் சுணங்கித்தான் வரும். இப்போது இரண்டும் ஓடி வருகின்றன. சனம்தான் எங்களை முந்திவிடுகிறது.

நானும் டொக்டரும் போனபோது வரம்பெல்லாம் மோட்டார் சைக்கிள். படத்தைப் பார்த்தவுடனேயே எனக்குத் தெரியும், அது புலியும் இல்லை சிறுத்தையும் இல்லை. மீன்பிடிப் பூனை. வீட்டுப் பூனையைப்போல இரண்டு மடங்கு வளரும், குட்டை வால், வாய்க்காலிலும் வில்லு என்கிற சதுப்புக் குளங்களின் கரையிலும் மீன் பிடித்துத் தின்னும். வேளாண்மை உயர்ந்து நிற்கும் காலத்தில் வயலுக்குள்ளேயே குட்டி போடும். இந்தக் கரையில் அது எப்போதும் இருந்திருக்கிறது. நெல்லைத் தொடாது, எலியைப் பிடிக்கும், எவருடைய கண்ணிலும் படாமல் போய்வரும்.

துண்டுக்குள் இரண்டு குட்டிகள்தான் இருந்தன.

"மற்றது எங்க?" என்றேன்.

சாரதி தலையைச் சொறிந்தான். "கலீல் காக்கா உரப்பையில போட்டுட்டு ஊட்டுக்குப் போனாரு சேர். ஆக்கள் மிதிச்சிடுவாங்க எண்டுதான் எடுத்த."

கலீலைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூட்டத்தின் கால்களுக்குள் கிடந்த குட்டியைக் காப்பாற்றத்தான் அவர் எடுத்திருக்கிறார். வீட்டு முற்றத்தில் பையை வைத்துவிட்டு எங்களுக்கு அழைக்கத் தொலைபேசி இலக்கம் தேடியிருக்கிறார். அந்த இடைவெளியில் அவருடைய மகள், இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, பையைத் திறந்து உள்ளே கையை விட, குட்டி கடித்துவிட்டது.

சற்று நேரத்தில் ஒரு முச்சக்கரவண்டி வந்து நின்றது. கலீல் பையுடன் இறங்கினார். அவர் மனைவி பர்சானா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பிள்ளையின் பெருவிரலில் துணி சுற்றி, துணிக்குள் கோப்பித்தூள் வைத்துக் கட்டியிருந்தது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தவர் கலீலின் காக்கா, அதாவது அண்ணன், பதுறுதீன். மூன்று வயல் செய்கிறவர், வட்டையில் அவர் சொன்னால் ஆட்கள் கேட்பார்கள். வந்ததும் வராததுமாகத் தம்பியின் கையிலிருந்த பையை வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டார்.

"இதக் கொல்லணும். தலைய வெட்டிக் கொழும்புக்கு அனுப்பினா விசர் இரிக்கா இல்லையா எண்டு சொல்லுவாங்க. போன வருசம் நாய்க்கு அப்பிடித்தான் செஞ்ச" என்றார்.

அவர் சொன்னது அறியாமை இல்லை. கடித்த பிராணிக்கு விசர் என்கிற வெறிநோய் உண்டா என்று அப்படிப் பரிசோதிப்பது நடக்கிற காரியம்தான். சுற்றி நின்ற சனத்தில் பலர் "ஓம், அதுதான் சரி" என்றார்கள்.

டொக்டர் பையையும் பார்க்கவில்லை, பதுறுதீனையும் பார்க்கவில்லை. நேராகப் பிள்ளையிடம் போனார். "சவர்க்காரம் இரிக்கா?" என்று கேட்டார். வாடியில், வயல் காவல் குடிசையில், குளிக்க வைத்திருந்த சவர்க்காரத்தை யாரோ கொண்டு வந்தார்கள். தண்ணீர் இறைக்கும் மெசினைப் போடச் சொன்னார். துணியை அவிழ்த்து, கோப்பித்தூளைக் கழுவி, அந்தச் சின்ன விரலை ஓடும் தண்ணீரில் பிடித்துச் சவர்க்காரம் போட்டார், கழுவினார், மறுபடி போட்டார், மறுபடி கழுவினார். பிள்ளை வீரிட்டு அழுதாள். அவர் அவசரப்படவில்லை. "கடிச்ச உடனே முதல் மருந்து இதுதான். கோப்பி இல்ல" என்று பர்சானாவிடம் சொன்னார்.

பர்சானா அப்போதுதான் வாய் திறந்தார். கணவனின் காக்காவுக்கும் கணவனுக்கும் முன்னால் அதிகம் பேசாத பெண் என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஆனால் கேள்வியை நேராகக் கேட்டார்.

"டொக்டர், உங்கட புள்ளையெண்டா என்ன செய்வீங்க?"

"இப்பவே ஆஸ்பத்திரி. இண்டைக்கே ஊசி" என்றார் டொக்டர். "காட்டு மிருகம் கடிச்சா பாத்துக்கொண்டு இரிக்கிற இல்ல. ஊசி தொடங்குறதுதான்."

"பூனைட தலைய வெட்டி அனுப்பினா?"

"முடிவு வரும் வரைக்கும் ஊசி நிப்பாட்ட மாட்டாங்க. கொண்டாலும் ஊசி. கொல்லாட்டியும் ஊசி. புள்ளைக்கு மருந்து ஊசிதான், பூனைட தலை இல்ல."

பர்சானா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு முச்சக்கரவண்டியில் ஏறிவிட்டார். கலீலும் ஏறினார். டொக்டர் என் பக்கம் திரும்பி, "மிஸ்டர் ஜௌபர், ஆஸ்பத்திரியில நான் கதைக்கணும். இங்க நீங்க பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர்களோடு போனார்.

அவ்வளவுதான் உத்தரவு. மீதி என் கையில். துண்டுக்குள் இரண்டு குட்டி, பதுறுதீனின் காலடியில் ஒன்று, வரம்பு நிறையச் சனம், மேற்கே கறுத்துக்கொண்டு வரும் மழை.

முதலில் சனம். இத்தனை வருடத்தில் நான் ஒன்று கண்டிருக்கிறேன். "போங்க" என்று சொன்னால் எவரும் போகமாட்டார்கள். அவர்கள் பார்ப்பதற்கு வேறொன்று நகர வேண்டும். சாரதியைக் கூப்பிட்டு, "மெசினை எடுத்து அடுத்த வயலுக்குப் போ, நடுத்துண்டை வெட்டாதே" என்றேன். கலீல் போகும்போதே அதற்குச் சம்மதித்திருந்தார். மெசின் உறுமிக்கொண்டு புறப்பட்டதும் பாதிச் சனம் அதன் பின்னால் போனது. மீதிப் பேரிடம், "தாய்ப்பூனை இங்கதான் எங்கயோ வாய்க்காலுக்குள்ள கிடக்கும். குட்டிய வெச்சிக்கொண்டு நிக்கிற ஆளக் கண்டா அது யோசிக்காது, பாய்ஞ்சிடும்" என்றேன். அதுவும் உண்மைதான். முதல் மழைத்துளி விழுந்ததும் மிச்சமும் கரைந்தது.

பதுறுதீன் மட்டும் போகவில்லை. உரப்பையின் வாயைக் கையில் முறுக்கிப் பிடித்தபடி வாடிக்குள் வந்து உட்கார்ந்தார். இடுப்பில் வெட்டுக்கத்தி.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிடுங்கப் பார்த்தால் காரியம் கெட்டுவிடும் என்று தெரியும்.

"காக்கா, பைக்குள்ள மூச்சு முட்டும்."

"முட்டட்டும்."

"சட்டத்தில இதக் கொல்ல ஏலா எண்டும் நான் சொல்லணும்."

"சட்டத்தச் சொல்லாதீங்க. என்ட தம்பிட புள்ளைக்கு ஒண்டு நடந்தா நீங்க வந்து பதில் சொல்லுவீங்களா?"

ஒன்றும் நடக்காது என்று சொல்லிவிடலாம். எளிது. ஆனால் அவர் பொய்யை மோப்பம் பிடிக்கிற ஆள், பயந்துபோயிருந்த ஆளும்கூட. 

"ஓம், சொல்லுவன்" என்றேன். "நான் நிந்தவூர். பள்ளிக்குப் பின்னால ஊடு. எங்கயும் ஓட மாட்டன். டொக்டர் சொன்னதத்தான் நானும் சொல்றன், காக்கா. இதக் கொல்றதால புள்ளைக்கு ஒரு ஊசியும் குறையாது. ஊசிய ஒழுங்காப் போட்டு முடிச்சா புள்ளைக்கு ஒண்டும் ஆகாது. நீங்க கவனிக்க வேண்டியது அதத்தான். ஒரு ஊசியும் தவறக் கூடா."

மழை பிடித்துப் பெய்யத் தொடங்கியது. பைக்குள்ளிருந்து குட்டி ஒரு முறை கத்தியது. அப்போது பதுறுதீனின் தொலைபேசி அடித்தது. பர்சானா. மழைச் சத்தத்தில் கேட்காமல் அவர் ஒலியைக் கூட்டினார், எனக்கும் கேட்டது.

"காக்கா, காயத்தச் சுத்தியும் ஊசி போட்டாச்சி, கையிலயும் போட்டாச்சி. இன்னும் வரச் சொல்லிரிக்காங்க. புள்ள இப்ப பிஸ்கட் தின்றா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பதுறுதீன்.

"அந்தக் குட்டிய என்ன செஞ்சீங்க? உசிரோட இரிக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். "இரிக்கி."

"உட்டுடுங்க காக்கா. புள்ள கேக்கிறா. அது கடிச்சது பயத்திலயாம். இவதான் சொல்றா."

தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுப் பையை என் பக்கம் தள்ளினார்.

தடித்த கையுறை போட்டுக் குட்டியை எடுத்தேன். ஈரமில்லை, காயமில்லை, என்னைப் பார்த்துச் சீறியது. சீறுகிற குட்டி நல்ல குட்டி. வாடியிலிருந்த மீன் பெட்டியொன்றைக் கழுவி, வைக்கோல் போட்டு, நடுத்துண்டுக்குள் மழை அடிக்காத பக்கமாகச் சரித்து வைத்தேன். மூன்றையும் அதற்குள் விட்டேன். பெட்டியின் வாய் வடிச்சல் வாய்க்காலைப் பார்க்கும்படி திருப்பினேன். தாய் அந்த வழியாகத்தான் வந்துபோயிருக்கிறது என்பதற்குச் சேற்றில் அடையாளம் இருந்தது. பிறகு வந்த வழியே திரும்பி நடந்தேன். பெட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பதுறுதீனைப் போகச் சொன்னேன். "நான் இரிக்கன்" என்றார்.

மழை அடங்கியது. பின்னேர அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி, இருவரும் வாடிக்குள்ளேயே தொழுதோம். அதன்பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. கொக்குகள் வெட்டிய வயலில் இறங்கின. தூரத்தில் அந்த மெசின் இன்னும் இரைந்துகொண்டிருந்தது.

வெளிச்சம் மஞ்சளாகத் திரும்பும்போது பதுறுதீன் என் முழங்கையைத் தொட்டார். வாய்க்கால் கரையில், புல்லுக்கு மேலே, இரண்டு வட்டக் காதுகள். தாய் வெளியே வந்தது. நனைந்து, வயிற்றில் சேறு ஒட்டி, நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. நின்றது, கேட்டது, துண்டுக்குள் புகுந்தது. திரும்ப வரும்போது வாயில் ஒரு குட்டி தொங்கியது. வாய்க்காலுக்குள் இறங்கி மறைந்தது. வந்தது, அடுத்ததையும் கொண்டுபோனது.

மூன்றாவது முறை வந்தபோது வெறும் வாயோடு திரும்பியது. வாய்க்கால் ஓரத்தில் நின்று பின்னால் பார்த்தது. போய்விட்டது.

"பாத்தீங்களா" என்றார் பதுறுதீன் மெதுவாக. "உர வாசம். எங்கட கை வாசம். எடுக்காது."

"வரும்" என்றேன். இறக்காமத்து மானை நினைத்துத்தான் சொன்னேன். ஆனால் மானுக்கு மானின் வழி, பூனைக்குப் பூனையின் வழி. வராவிட்டால் அந்தக் குட்டி கூண்டில்தான் வளர வேண்டும். கூண்டில் வளர்ந்த பூனைக்கு மீன் பிடிக்க யார் பழக்குவது? வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. எழும்பிப் போய்ப் பெட்டியைப் பார்க்கக் காலெல்லாம் துடித்தது. இந்த வேலையில் மிகக் கடினமானது அந்த நேரம்தான். குட்டியைத் தூக்குவதற்குத் தைரியம் தேவையில்லை. தூக்காமல் இருக்கத்தான் தேவை.

பெட்டிக்குள்ளிருந்து குட்டி கத்தியது. தனித்துப்போன குட்டியின் சத்தம், கூர்மையாக, விடாமல். பதுறுதீன் எழும்பப் போனார். அவருடைய தோளில் கையை வைத்து உட்கார்த்தினேன். கத்தட்டும், அந்தக் கத்தல் எங்களுக்கானது அல்ல.

தாய் வந்தது. இந்த முறை நிற்கவில்லை, கேட்கவில்லை. நேராகப் போய், பிடரியில் கௌவித் தூக்கி, எங்கள் வாடியின் பக்கமாகவே ஓடி, வரம்பைத் தாண்டி வாய்க்காலுக்குள் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில், பொழுது சாய்ந்ததும், மஹ்ரிப் பாங்கு கேட்டது.

"சுபஹானல்லாஹ்" என்றார் பதுறுதீன். மோட்டார் சைக்கிளை உதைக்கும்போது, "புள்ளைட அடுத்த ஊசிக்கு நான்தான் கூட்டிட்டுப் போவன்" என்றார்.

ஒரு ஊசியும் தவறவில்லை. அத்தனைக்கும் பெரியவாப்பா பதுறுதீனின் மோட்டார் சைக்கிளில்தான் பிள்ளை போய் வந்தாள் என்று பர்சானா பிறகு சொன்னார். இப்போது அவள் பக்கத்து ஊரில் ஒரு பெரிய பாடசாலையில் படிக்கிறாள், பெருவிரலில் தழும்புகூட இல்லை. டொக்டர் நிலந்தி மாற்றலாகித் தெற்கே போய்விட்டார். நான் ஓய்வு பெற்றேன்.

ஓய்வு பெற்ற பிறகு வந்த வெட்டுக் காலத்தில் ஒருநாள் பதுறுதீன் தொலைபேசியில் அழைத்தார். சலாம் சொல்லிவிட்டு நேராக விசயத்துக்கு வந்தார்.

"சேர், என்ட வயல்ல நடுத்துண்டுக்க ரெண்டு குட்டி கிடக்கு. வெட்ட வேணாமெண்டு மெசின வெளிய அனுப்பிட்டன். ஆக்களையும் அனுப்பிட்டன். நாய் கட்டித்தான் இரிக்கி. ஒருத்தரும் தொடல்ல."

"நான் அலுவலகத்துக்குச் சொல்லி ஆளை அனுப்பவா?"

"ஆபிசுக்குச் சொல்லியாச்சி" என்றார். "வாறமெண்டாங்க. தூரத்தில இரிக்கச் சொல்லிரிக்கன். நீங்க வரத் தேவல்ல, சும்மா தெரியட்டுமெண்டுதான் எடுத்த. இப்ப நான் வாடிக்க இரிக்கன். மெதுவாத்தான் கதைக்கேலும். வெக்கிறன்."